போர் நடக்கும் ஊரில் பிரசவம்: மருந்து இருந்தும் தாய்மார் ஏன் இறக்கிறார்கள்?

போர் நடக்கும் நாட்டில் கர்ப்பிணிகள் இறக்கிறார்கள் என்றதும் குண்டுவீச்சுதான் நினைவுக்கு வரும். குண்டுக்குப் பலியாகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த ஊர்களில் பேறுகாலத்தில் உயிர்விடும் பெண்களில் பெரும்பாலோர் உடலில் ஒரு காயமும் இருக்காது. பிள்ளை பிறந்தபின் நிற்காத ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் எகிறி வரும் வலிப்பு, கிருமித்தொற்று, குழந்தை இறங்காமல் சிக்கிக்கொள்வது, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு ஆகியவைதான் அவர்களைக் கொல்கின்றன. அமைதியான நாடுகளிலும் தாய்மாரைக் கொல்பவை இவைதான். இவற்றுக்கெல்லாம் பல பத்தாண்டுகளாக மருத்துவம் இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்குச் செலவும் குறைவு. அந்த மருத்துவம் அந்தப் பெண்ணுக்கு நேரத்தில் போய்ச் சேராமல் செய்வதுதான் போர்.

2023ஆம் ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இறப்புகள் போரிலோ, அரசு நிலைகுலைந்த நிலையிலோ இருக்கும் நாடுகளில் நடந்தவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதலில் நேரக் கணக்கு

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள முதலில் தெரிய வேண்டியது, எந்தச் சிக்கலுக்கு எவ்வளவு அவகாசம் என்பது. சிகிச்சையே கிடைக்காவிட்டால், பிரசவத்துக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கு சராசரியாக 2 மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். பிரசவத்துக்கு முன்பே ரத்தம் போகத் தொடங்கினால் சுமார் 12 மணி நேரம். கருப்பை கிழிந்தால் ஒரு நாள். வலிப்பு வந்தால் 2 நாள். குழந்தை சிக்கிக்கொண்டால் 3 நாள். தொற்று என்றால் 6 நாள் வரை.

இவை சராசரிகள்தாம், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் மாலை 6 முதல் காலை 6 வரை ஊரடங்கு என்ற ஓர் உத்தரவு என்ன செய்யும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். தொற்று வந்தவர் காலைவரை காத்திருக்க முடியும். இரவு 8 மணிக்குப் பிள்ளை பெற்று, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருப்பவருக்கு அந்த உத்தரவே மரண தண்டனை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை கல் போல இறுகி, அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாவிட்டால் உடம்பின் ரத்தம் வடிய அதிக நேரம் ஆகாது.

இரண்டாவதாகத் தெரிய வேண்டியது, இந்தச் சிக்கல்கள் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது. கர்ப்பிணிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்கு உயிருக்கு ஆபத்தான ஏதோ ஒரு சிக்கல் வரும். முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களை முன்பே பிரித்துவைக்கலாம். ஆனால் ரத்தப்போக்கில் இறப்பவர்களில் பலரும் எந்த ஆபத்துப் பட்டியலிலும் இல்லாதவர்கள். ஆகவே "ஆபத்தான கேஸ்களை மட்டும் நகரத்துக்கு அனுப்பிவிட்டால் போதும்" என்ற திட்டம் போர்க்காலத்தில் பலிக்காது. எல்லாப் பெண்களுக்கும் எல்லா நேரத்திலும் வழி திறந்திருக்க வேண்டும்.

முகாம்களில் வேலை செய்பவர்கள் போடும் கணக்கு இது. 10,000 பேர் தங்கியிருக்கும் முகாம் என்று வையுங்கள். பிறப்பு விகிதம் ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் 400 பிரசவங்கள், மாதத்துக்கு 33. எந்த நாளில் எண்ணினாலும் அங்கே 300 கர்ப்பிணிகள் இருப்பார்கள். மாதம் 5 பேருக்குக் கடுமையான சிக்கல் வரும். 2 முதல் 5 பேருக்கு சிசேரியன் தேவைப்படும். முகாம் நேற்றுதான் போடப்பட்டது என்பதற்காக இந்த எண்கள் குறையப்போவதில்லை.

மூன்று தாமதங்கள்

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் முன்வைத்த சட்டகத்தைத்தான் இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். தாய்மார் மூன்று தாமதங்களால் இறக்கிறார்கள் என்பது அதன் சாரம். மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுப்பதில் ஆகும் தாமதம் முதலாவது. போய்ச் சேர ஆகும் தாமதம் இரண்டாவது. சேர்ந்தபின் சரியான சிகிச்சை கிடைக்க ஆகும் தாமதம் மூன்றாவது. அமைதிக் காலத்தில் ஓர் ஊரில் இவற்றில் ஒன்று மோசமாக இருக்கும், மற்ற இரண்டைச் சமாளித்துக்கொள்ளலாம். போர் மூன்றையும் ஒரே சமயத்தில் நீட்டுகிறது.

இதைத் தெளிவாகக் காட்டும் இடம் எத்தியோப்பியாவின் வடக்கே உள்ள டிக்ரே மாநிலம். 2020 நவம்பரில் அங்கே போர் தொடங்கியது. 2022 நவம்பர் 2 அன்று பிரிட்டோரியாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு நின்றது. டிக்ரே ஏழ்மையான, மலைப்பாங்கான பகுதிதான். ஆனால் போருக்கு முன் எத்தியோப்பியாவிலேயே நல்ல சுகாதார அமைப்பு உள்ள மாநிலங்களில் ஒன்றாக இருந்தது. சுமார் 5,000 பேருக்கு இருவர் என்ற கணக்கில் சம்பளம் வாங்கும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் கிராமங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே சுகாதார மையம், அதற்கு மேலே மருத்துவமனை. இடையில் ஆம்புலன்ஸ்கள் ஓடின. தொலைவிலிருந்து வரும் நிறைமாதக் கர்ப்பிணிகள் வலி எடுக்கும்வரை தங்குவதற்குச் சுகாதார மையங்களை ஒட்டி வீடுகள் இருந்தன. ஏழை நாட்டில் தாய்மாரைக் காப்பாற்ற என்ன வேண்டும் என்று கேட்டால் இந்த ஏற்பாட்டைத்தான் காட்டுவோம்.

போர் தொடங்கிய சில மாதங்களில், 2020 டிசம்பர் நடுவிலிருந்து 2021 மார்ச் தொடக்கம் வரை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே 106 சுகாதார நிலையங்களைப் பார்வையிட்டது. ஏறக்குறைய 70 சதவீதம் சூறையாடப்பட்டிருந்தன. 30 சதவீதத்துக்கு மேல் சேதமடைந்திருந்தன. 13 சதவீதம் மட்டுமே வழக்கம்போல இயங்கின. ஐந்தில் ஒன்றில் படையினர் குடிபுகுந்திருந்தார்கள். சேதத்தைவிடச் சூறையாடல் இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். கட்டடம் நிற்கிறது, உள்ளே மருந்தோ கருவியோ கட்டிலோ இல்லை. தாக்கப்பட்ட மருத்துவமனைகளின் படத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த அழிவு கண்ணில் படாது.

வீட்டிலிருந்து வாசல்வரை

சுகாதார மையத்தில் துப்பாக்கியோடு ஆட்கள் இருந்தால் எந்தப் பெண் அங்கே போவாள்? டிக்ரேயில் பாலியல் வன்முறை பரவலாக நடந்ததை ஐ.நா. உட்படப் பல அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படிப்பட்ட சூழலில் வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்பதை அறியாமை என்று சொல்வது அநியாயம். கண்முன் இருக்கும் இரண்டு ஆபத்துகளை எடைபோட்டு எடுத்த முடிவு அது. தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்ததால் கேட்டு முடிவெடுக்கவும் ஆளில்லை. வங்கிகள் மூடியிருந்ததால் கையில் பணமில்லை.

முடிவெடுத்துக் கிளம்பினாலும் வண்டி வேண்டும். ஆம்புலன்ஸ்களைப் பெரும்பாலும் ஆயுதக் குழுக்கள் பறித்துக்கொண்டன. அடிக்ராட் நகர மருத்துவமனையிலும் சுற்றியுள்ள நிலையங்களிலும் மட்டும் சுமார் 20 வண்டிகள் போயின. மிஞ்சிய வண்டிக்கு டீசல் இல்லை. மலைப்பாதையில் ஆட்கள் மாறி மாறிக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். வழியில் சோதனைச்சாவடி. அங்கே நிற்பவருக்குப் பிரசவ ரத்தப்போக்கின் 2 மணி நேரக் கணக்கு தெரியாது. போர்ப்பகுதிகளில் நல்ல அமைப்புகள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, சாவடியைக் கட்டுப்படுத்தும் எல்லாத் தரப்பிடமும் "கர்ப்பிணி வண்டியை இரவிலும் நிறுத்தாமல் விடுவோம்" என்ற ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவைப்பது. வண்டி வந்து நின்றபிறகு பேச்சுவார்த்தை தொடங்கினால் அவள் பிழைக்கமாட்டாள்.

வாசலுக்கு வந்தபிறகு

மூன்றாவது தாமதத்தில்தான் நுணுக்கங்கள் அதிகம். செய்திகளில் மிகக் குறைவாக வருவதும் இதுதான்.

ஆக்சிடோசின் ஊசியை எடுத்துக்கொள்வோம். 10 யூனிட் கொண்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. பிள்ளை பிறந்த உடனே தொடையில் போட்டால் கருப்பை இறுகி, ரத்தப்போக்கு வராமல் தடுக்கும். ஆனால் அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நின்று, ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்து, குளிர்பெட்டி வாரக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்தால் மருந்து வீரியம் இழந்துவிடும். கெட்டுப்போனதை நிறமோ மணமோ காட்டாது. குப்பிக்குள் தெளிந்த நீர் அப்படியே இருக்கும். செவிலியர் ஊசி போடுகிறார், வயிற்றைத் தடவிப் பார்க்கிறார், கருப்பை மாவு போல மெத்தென்றே இருக்கிறது. இன்னொன்று போடுகிறார், மாற்றமில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று புரிவதற்குள் ஒரு லிட்டர் போயிருக்கும்.

அதனால்தான் மின்சாரம் நம்பகமில்லாத இடங்களில் மிசோபிரஸ்டால் மாத்திரை கைவசம் இருக்க வேண்டும் என்கிறோம். குளிர்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம். ரத்தப்போக்கைத் தடுக்க, பிள்ளை பிறந்ததும் 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்றை விழுங்க வேண்டும். ரத்தப்போக்கு தொடங்கிவிட்டால் நான்கை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். ஈரம் பட்டால் மட்டும் கெடும், ஆகவே அலுமினிய உறையைப் பிரித்துப் பங்கு போடக்கூடாது. இரட்டைக் குழந்தை இருந்தால் இரண்டாவது குழந்தை பிறக்கும்வரை கொடுக்கவே கூடாது, கருப்பை இறுகி உள்ளே இருக்கும் குழந்தை இறந்துவிடும். வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் ஊசியும் இப்போது இருக்கிறது. அது தடுப்பதற்கு மட்டும். டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராமை நரம்பில் மெதுவாக ஏற்றினால் ரத்தப்போக்கால் வரும் சாவு குறையும். ஆனால் பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இரண்டாவது தாமதம் எப்படி மூன்றாவதைப் பாழாக்குகிறது என்பதற்கு இந்த 3 மணி நேரமே சாட்சி.

வலிப்புக்கான மக்னீசியம் சல்பேட் வேறொரு கதை. மருந்து மலிவு, குளிர்பெட்டியும் வேண்டாம். முதலில் 4 கிராம் நரம்பில், 10 கிராம் இரண்டு பிட்டத்திலும் பிரித்து. பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பிரசவம், கடைசி வலிப்பு இரண்டில் எது பிந்தியதோ அதற்குப் பின் 24 மணி நேரம்வரை. ஒவ்வொரு முறையும் போடும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையவில்லையா, முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா, மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் போகிறதா. மருந்து அதிகமானால் மூச்சு நின்றுவிடும். அதற்கு மாற்றாகக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஓர் ஆள் அந்தக் கட்டிலருகே இருந்தாக வேண்டும். 20 பெண்களுக்கு ஒரே ஒரு மருத்துவச்சி, அவருக்கும் பல மாதச் சம்பளம் வரவில்லை என்றால், அலமாரியில் மருந்து இருந்தும் போடப் பயப்படுவார். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. இடம்பெயர்ந்து போன ஊழியர்களை மருந்துப் பெட்டியால் ஈடுகட்ட முடியாது. சம்பளம் கொடுப்பதும், இரவில் அவர்கள் பாதுகாப்பாகத் தங்க இடம் கொடுப்பதும் மருந்து அனுப்புவதற்குச் சமமான உதவி. நன்கொடையாளர்கள் இதைத்தான் கடைசியில் வைக்கிறார்கள்.

சிசேரியன் என்றால் சங்கிலி இன்னும் நீளம். அறுக்கத் தெரிந்தவர், மயக்க மருந்து தருபவர், கெட்டமின் அல்லது முதுகில் போடும் புபிவகெய்ன், கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ், அதற்குத் தண்ணீரும் எரிபொருளும், வெளிச்சம், உறிஞ்சு கருவி, தையல் நூல், ஆன்டிபயாடிக், ரத்தம். இவற்றில் பத்து இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் அறுவைச் சிகிச்சை நடக்காது, நடந்தாலும் ஆபத்து. ரத்தம் குறிப்பாகச் சிரமம். குளிர்பெட்டி இல்லாவிட்டால் சேமிக்க முடியாது. அப்போது ஊருக்குள்ளேயே ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் வகைப் பட்டியலை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அழைத்து, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு விரைவுச் சோதனை செய்து, உடனடியாக ஏற்ற வேண்டியிருக்கும். ஆகவே விரைவுச் சோதனைப் பட்டைகளும் ரத்தப் பைகளும் தீர்ந்துபோனாலே ரத்த வங்கி மூடியதாக அர்த்தம்.

டிக்ரேயில் 2021 நடுவிலிருந்து முற்றுகை இறுகியது. மின்சாரம், தொலைபேசி, வங்கி மூன்றும் துண்டிக்கப்பட்டன, எரிபொருள் வரத்து ஏறக்குறைய நின்றது. 2021 செப்டம்பருக்குப் பிறகு மருந்துகளைச் செஞ்சிலுவை சர்வதேசக் குழுவால் டிக்ரேயின் தலைநகர் மெக்கெல்லேவுக்குக் கொண்டுசேர்க்க முடிந்தது 2022 ஜனவரி 26 அன்றுதான். இடையில் மாநிலத்தின் முதன்மை மருத்துவமனை இயங்கவே செய்தது. "மருத்துவமனை திறந்திருக்கிறது" என்ற செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரவு 2 மணிக்கு அங்கே சிசேரியன் செய்து, ரத்தம் ஏற்ற முடியுமா? பன்னாட்டு அளவுகோலின்படி 5 லட்சம் பேருக்கு அவசரப் பிரசவ சிகிச்சை தரும் இடங்கள் குறைந்தது 5 வேண்டும். அவற்றில் ஒன்றிலாவது அறுவையும் ரத்தமும் இருக்க வேண்டும். அந்த ஒன்று செயலிழந்தால் மற்ற நான்கும் அனுப்ப இடமின்றித் தவிக்கும்.

பசி இதற்கெல்லாம் முன்பே வந்துவிடுகிறது. ரத்தசோகை கடுமையாக உள்ள பெண்ணால் மற்றவர்கள் தாங்கும் இழப்பைத் தாங்க முடியாது, அரை லிட்டர் போனாலே நிலைகுலைந்துவிடுவார். கர்ப்பகாலப் பரிசோதனை நின்றுபோனால் இரும்புச்சத்து மாத்திரையும் கிடையாது, ஏறும் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பாரும் கிடையாது.

மருத்துவமனையே இலக்கானால்

1949ஆம் ஆண்டு நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவு கர்ப்பிணிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. பிரசவம் பார்க்கும் இடங்கள் உட்படப் பொதுமக்களின் மருத்துவமனைகளை எந்த நிலையிலும் தாக்கக்கூடாது என்கிறது 18ஆம் பிரிவு. முற்றுகையிடப்பட்ட இடத்திலிருந்து காயம்பட்டவர்களையும் பிரசவ நோயாளிகளையும் வெளியே எடுக்க இரு தரப்பும் உடன்பாடு காண முயல வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. நல்ல சட்டம்தான். ஆனால் 2020 மே 12 அன்று காபூலின் தஷ்தே பர்ச்சி பகுதியில் ஆயுததாரிகள் பிரசவ வார்டுக்குள் நுழைந்து கொன்ற 24 பேரில் 16 பேர் தாய்மார். அதை நடத்திவந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அடுத்த மாதமே அங்கிருந்து விலகியது. சூடானின் எல் ஃபாஷரில் சவூதி மகப்பேறு மருத்துவமனை மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஒரே தாக்குதலில் சுமார் 70 பேர் இறந்தார்கள். இப்படி ஒரு வார்டு போனால், அன்று உள்ளே இருந்தவர்களோடு சேதம் நிற்பதில்லை. அடுத்த மாதம் வரவேண்டியவர்களுக்கும் இடமில்லை, வேறு மருத்துவமனைக்குப் போகவும் துணிச்சல் வராது.

நம் மண்ணிலும் இது நடந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறும்படி இலங்கை அரசு உத்தரவிட்டது. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமீது மீண்டும் மீண்டும் ஷெல்கள் விழுந்தன. நோயாளிகள் புதுமாத்தளன் கரைக்கு நகர்த்தப்பட்டார்கள். பிப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைக் குழு அவர்களைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுசென்றது. 17ஆம் பிரிவு சொல்லும் வெளியேற்றம் அதுதான், ஆயிரக்கணக்கான உயிர்களை அது காத்தது. ஆனால் 2 மணி நேரமே அவகாசம் உள்ள சிக்கலுக்கு, அனுமதி கிடைக்கும் நாளில் மட்டும் வரும் கப்பல் வழியாகாது. அறுவை அறையும் ரத்தமும் மக்கள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

என்ன செய்ய முடியும்

நெருக்கடி வெடித்த 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய வேலைகளுக்கு, குறைந்தபட்சத் தொடக்கச் சேவைத் தொகுப்பு என்ற பன்னாட்டு வரையறை இருக்கிறது. கணக்கெடுப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல், மேலே சொன்ன முகாம் கணக்கை வைத்தே பெட்டிகளை அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இந்தப் பெட்டிகளைத் தயாராக வைத்திருக்கிறது. கிராம அளவிலான பெட்டி 10,000 பேருக்கு, சுகாதார மையத்துக்கானது 30,000 பேருக்கு, அறுவையும் ரத்தமும் உள்ள மருத்துவமனைக்கானது 1,50,000 பேருக்கு, எல்லாம் 3 மாதத்துக்கு.

எங்கும் போகவே முடியாத பெண்ணுக்குக் கையிலேயே கொடுப்பது சுத்தமான பிரசவப் பொட்டலம்: விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாள், சோப்பு, கையுறை, தொப்புள்கொடியைக் கட்ட நாடா, வெட்டப் புது பிளேடு, குழந்தையைச் சுற்றத் துணி. இது தொற்றைத் தடுக்கும், ரத்தப்போக்கை நிறுத்தாது. பொட்டலங்களை விநியோகித்துவிட்டு வேலை முடிந்தது என்று அறிக்கை எழுதும் அமைப்புகள் உண்டு. பொட்டலத்தோடு மிசோபிரஸ்டால் மாத்திரைகளும், எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற விளக்கமும் போக வேண்டும். அரை மணி நேரத்துக்குள் இரண்டு துணிகள் முழுசாக நனைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், பனிக்குடம் உடைந்து 6 மணி நேரமாகியும் வலி எடுக்காவிட்டால், பிள்ளை பிறந்து ஒரு மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழாவிட்டால் கிளம்ப வேண்டும். குடும்பத்தில் முடிவெடுக்கும் ஆணுக்கும் மாமியாருக்கும் இது தெரிந்திருந்தால்தான் பயன்.

சண்டை ஓய்ந்திருக்கும் நாட்களில் நிறைமாதப் பெண்களை மருத்துவமனைக்கு அருகில் கொண்டுவந்து தங்கவைப்பது இரண்டாவது தாமதத்தை அடியோடு நீக்கும் ஒரே வழி. அவர்களுக்குச் சாப்பாடும், மற்ற பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ள இடமும் இருந்தால்தான் வருவார்கள். கருத்தடை மருந்துகளையும் முதல் நாளிலிருந்தே கொடுக்க வேண்டும், ஏனென்றால் விருப்பமில்லாத கர்ப்பம் குறைந்தால் பாதுகாப்பற்ற கருக்கலைப்பும் குறையும்.

டிக்ரேயில் போருக்கு முன், உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 186 தாய்மார் என்ற கணக்கில் இறந்தார்கள். போர்க்காலத்தில் அது 840 ஆனது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சமூகத்துக்குள்ளே போய், வீடுவீடாக விசாரித்துக் கிடைத்த எண் அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவமனையின் வாசலையும் தொடவில்லை. பிரசவ வார்டின் பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் அவர்களின் பெயர் அதில் இருந்திருக்காது.